பந்தியில் ஒரு மருந்துச் சோதனை

தமிழர்களுக்கு விஞ்ஞானம் விளக்கப் போகிறவன் சாப்பாட்டுப் பக்கமே போகக் கூடாது. இந்த ஞானம் எனக்குப் படிப்பில் கிடைக்கவில்லை. கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில், கையில் கரண்டியோடு நின்றபோது கிடைத்தது.

அப்போது நான் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்தேன். புது மருந்துச் சோதனைக்கு விருப்பப்பட்டு வருகிறவர்களைத் திரட்டுவதும், அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும் என் பொறுப்பு. (எடுத்துச் சொல்வதில் நான் புலி என்று எனக்கு ஒரு நினைப்பு.) அங்கேயே தாதியாக இருந்தாள் கவிதா. நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தோம். அவள் அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியாது.

அம்மா என்றால் சாதாரண அம்மா இல்லை. சரோஜா ஆன்டி, கிள்ளானில் அந்தக் கோயிலின் மகளிர் பிரிவுத் தலைவி. கூட வேலை செய்கிறவர் என்று மகள் என்னைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எலிக்குக் குடுக்கிற மருந்த மனுஷங்களுக்குக் குடுக்கிறாரா?"

"மொதல்ல அம்மா உங்க வேலைய நம்பட்டும், அப்புறம் உங்கள நம்புவாங்க," என்றாள் கவிதா.

அதற்கு வாய்ப்பும் வந்தது. முட்டி வலிக்கான ஒரு புது மாத்திரையைச் சோதிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் விளக்கக் கூட்டம், ஏற்பாடு சரோஜா ஆன்டி. (அவருக்கும் முட்டி வலி உண்டு.)

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை யாரும் நிறுத்த வேண்டாம். அதோடு சேர்த்துப் பாதிப் பேருக்குப் புது மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் புலி சும்மா இருக்குமா? பாயசத்தை வைத்து விளக்கப் போகிறேன் என்று கிளம்பியது.

ப்ரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு பானை சேமியா பாயசம் சொல்லி வாங்கினேன். கொஞ்சம் உப்பு சேர்த்தால் பாயசத்தின் இனிப்பு தூக்கலாகத் தெரியும் என்பார்கள் அல்லவா? ஒரு பானையில் மட்டும் கவிதா உப்பு கலக்க வேண்டும், எதில் என்று எனக்குச் சொல்லக் கூடாது. ஒரு பானைக்குச் சிவப்பு ஒட்டுத்தாள், இன்னொன்றுக்கு நீலம். வருகிறவர்கள் சீட்டு எடுத்து, அந்தந்த நிறப் பானையிலிருந்து குடித்துவிட்டு ருசியைச் சொல்ல வேண்டும். உப்புதான் புது மருந்து!

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் பானைகளை இறக்கி வைத்தபோது என் நாக்குதான் சும்மா இருக்கவில்லை. கவிதா உப்பைக் கலந்துவிட்டு அந்தப் பக்கம் போனதும் இரண்டிலும் ஒரு வாய் பார்த்தேன். சிவப்பு அமிர்தம். நீலம், ஏதோ பாயசம்.

மண்டபம் நிறைந்துவிட்டது. நீள மேசைகளில் வரிசையாக உட்கார்ந்து, கவிதா நீட்டிய சொம்பிலிருந்து எல்லாரும் உற்சாகமாகச் சீட்டு எடுத்தார்கள். சரோஜா ஆன்டி எடுத்தது நீலம்.

வருங்கால மாமியாருக்குப் போய் ஏதோ பாயசமா? என் கை என்னைக் கேட்காமலே சிவப்புப் பானைக்குள் போய் வந்தது.

"தம்பி, அக்காவுது நீலச் சீட்டுதானே? ஏன் செவப்புல ஊத்துறீங்க?" என்றார் பக்கத்து நாற்காலி ஆன்டி. அவருக்கு முட்டியில்தான் வலி, கண்ணில் ஒரு குறையும் இல்லை.

"ஒரே பந்தியில ஆளுக்கு ஒண்ணா? பந்தி வஞ்சனை லா இது!" என்று ஒரு குரல் கிளம்பியது.

அவ்வளவுதான். நீலக்காரர்கள் எல்லாரும் சிவப்புப் பானையைச் சூழ்ந்தார்கள். கணவர்கள் மனைவிமார்களுக்குப் பாதி ஊற்றினார்கள். வீட்டுக்குத் தாப்பாவ் பண்ணிக் கட்டிக்கொண்டு போகப் பை இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கலவரத்தில் கடைசி வரிசை அங்கிள் ஒருவர் எழுந்து, "நான் நீலந்தான் குடிச்சேன். முட்டி எவ்ளோ லேசாயிடுச்சு பாருங்க!" என்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து காட்டினார்.

நீலத்தில் ஒன்றுமே இல்லை! வெறும் மாத்திரையிலும் குணமானதுபோலத் தோன்றும், அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ அலறினார்கள். "அலாமாக்! பாயசத்துல மருந்து கலந்துட்டாங்க!"

கப்புகள் மேசைக்குத் திரும்பின. சரோஜா ஆன்டி எழுந்து நின்றார்.

"பாயசத்துல என்ன இருக்கு?"

"செவப்புல கொஞ்சம் உப்பு, ஆன்டி. வேற ஒண்ணும் இல்ல, சத்தியமா."

அவர் எல்லாரும் பார்க்கத் தன் கப்பை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கூட்டம் மூச்சு விட்டது.

"சரி, எனக்கு மட்டும் ஏன் மாத்தி ஊத்துனீங்க?"

உண்மையைப் போட்டு உடைத்தேன். "நீங்க பொண்ணு தரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன், ஆன்டி."

மண்டபமே திரும்பிக் கவிதாவைப் பார்த்தது. அவள் சீட்டுச் சொம்பால் முகத்தை மறைத்துக்கொண்டாள். (சொம்பு சின்னது.)

சரோஜா ஆன்டி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? எது நல்லதுன்னு தெரிஞ்சதும் இவரு கை எங்க போச்சு? மருந்துலயும் இப்படித்தான் நடக்கும். அதுக்குத்தான் குடுக்கறவருக்கே தெரியக் கூடாதுன்னு வச்சிருக்காங்க." பிறகு என்னிடம், "நடுவுல பிடிக்கலன்னா வெலகிக்கலாமா?"

"எப்ப வேணும்னாலும், ஆன்டி. காரணம்கூடச் சொல்ல வேணாம்."

"கல்யாணத்துல அந்த வசதி கெடையாது. நல்லா யோசிச்சுட்டு, பெரியவங்களோட வீட்டுக்கு வாங்க."

கூட்டம் கைதட்டியது. நான் அசடு வழிய நின்றேன். ஆனால் அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமானவன் கிள்ளானில் யாரும் இருந்திருக்க முடியாது.

கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அந்த வீட்டு விருந்தில் என் கையில் யாரும் கரண்டி தருவதில்லை. கேட்டால், "கண்ணக் கட்டிக்கிட்டு ஊத்துறதா இருந்தா ஊத்துங்க மாமா," என்று மச்சான் கைக்குட்டையை நீட்டுவான். போன தீபாவளிக்கு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கட்டுடா!" என்றேன். சின்னவர், பெரியவர், வேண்டியவர், வேண்டாதவர் என்று எந்த வித்தியாசமும் பார்க்காமல் எல்லார் மடியிலும் பாயசத்தைச் சமமாக ஊற்றினேன். தப்பியது மாமியார் ஒருவர்தான். நான் கரண்டியோடு வருவதைப் பார்த்ததும் எழுந்து அடுப்படிக்குள் ஓடினாராம். முட்டி வலிக்காரர் அப்படி ஓடி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.