ஃபீட் ரீடர் வாங்கிய கீரியும் பதின்மூன்றாம் பாகத்துக் கரடியும்

ஒரு காட்டில் எழுதத் தெரிந்த விலங்குகள் எல்லாம் ஆளுக்கொரு வலைப்பதிவு வைத்திருந்தன. எழுதத் தெரியாதவை இரண்டிரண்டு வைத்திருந்தன. எழுதியதை அவரவர் வாசலில் தொங்கவிடுவது வழக்கம். படிக்க ஆசைப்படுகிறவர் நடந்துபோய்த்தான் படிக்க வேண்டும். வாசல் மணலில் எத்தனை காலடியோ அத்தனை வாசகர் என்று கணக்கு.

வடிவாம்பாள் என்ற கீரி தினமும் விடிந்ததும் இருபத்தேழு வாசல் ஏறி இறங்குவாள். இருபத்தாறில் பழைய பதிவே தொங்கும். "வேலைப்பளு, விரைவில் எழுதுகிறேன்" என்று நரி எழுதியே மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இருபத்தேழாவது வாசல் தவசிமுத்து என்ற முள்ளம்பன்றியுடையது. அவர் "கிணற்றில் விழுந்த கரடி" என்று ஒரு தொடர் எழுதிவந்தார். உண்மைச் சம்பவம் என்று தலைப்பிலேயே போட்டிருந்தார். பதின்மூன்றாம் பாகத்தில் கரடி ஒரு கொடியைப் பிடித்துப் பாதித் தூரம் ஏறியிருந்தது. கொடியில் இரண்டு இழை அறுந்திருந்தது. அந்த இடத்தில் "தொடரும்" போட்டுவிட்டார் மனுஷன். வடிவாம்பாளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அப்படியிருக்க, ஊர் எல்லையிலிருந்து ஒரு குரங்கு ஃபீட் ரீடர் என்றொரு கைப்பெட்டியை விற்கக் கொண்டுவந்தது.

"நீங்க எங்கயும் போக வேணாம்க்கா. யார் எழுதினாலும் தானா இதுல வந்து நிக்கும்."

"தவசிமுத்து அண்ணன் எழுதுறதும் வருமா?"

"அவர் வாசல்ல தொங்கவிடுறதுக்குள்ள வந்துடும்."

வடிவாம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை. காலை நீட்டி உட்கார்ந்தபடியே படித்தாள். சும்மா இருந்தாளா, காடு முழுக்கச் சொல்லியும் வைத்தாள். ஒரே வாரத்தில் வாசகர் அத்தனை பேரும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

தவசிமுத்துவின் வாசல் மணலில் அவருடைய காலடி மட்டும் மிஞ்சியது. வெள்ளிக்கிழமை ஒரு பதிவு போட்டார்: "படிக்க ஒரு நாதி இல்லை. எழுதுவதை நிறுத்துகிறேன். விடைபெறுகிறேன்."

அதுவும் ஃபீட் ரீடரில்தான் வந்தது. அப்போ கரடி? வடிவாம்பாள் போட்டது போட்டபடி ஓடினாள். போய்ப் பார்த்தால் காடே அங்கே திரண்டு நின்றது.

"நிறுத்திடாதீங்கண்ணே," என்று அழுதாள். "ஒரு எழுத்து விடாம படிச்சுக்கிட்டுதான் இருக்கோம்."

தவசிமுத்து மணலைப் பார்த்தார். முந்நூறு பேர் மிதித்த மணல். "உங்களுக்காகத் தொடர்றேன்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பதினாலாம் பாகம் என்று ஆசையாகத் திறந்தாள். "மீண்டும் விடைபெறுகிறேன்" என்றிருந்தது. காடே ஓடியது. மூன்றாம் வெள்ளி, "இம்முறை நிஜமாகவே விடைபெறுகிறேன்." அதற்கும் ஓடினார்கள். எதை எழுதினால் கூட்டம் சேரும் என்பது தவசிமுத்துவுக்குப் பிடிபட்டுவிட்டது. கரடியை மறந்தே போனார்.

நாலாம் வெள்ளி, அழுது முடித்து வடிவாம்பாள் திரும்பும் வழியில், பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரும்மா அது? பதினாலாம் பாகம் வந்துடுச்சா?"

எட்டிப் பார்த்தாள். கரடி ஒரு கையில் கொடியையும் மறு கையில் ஃபீட் ரீடரையும் பிடித்துக்கொண்டு தொங்கியது.

"இன்னும் இல்லண்ணே."

"மேல ஏறிடலாம்னு பாக்குறேன். அறுந்துடுச்சுன்னு அவர் எழுதிட்டார்னா என்ன பண்றது?"

வடிவாம்பாளுக்கு மனசு கேட்கவில்லை. தவசிமுத்து வாசலில் கூட்டம் இன்னும் கலையவில்லை. ஒரு குரல் கொடுத்தால் முந்நூறு பேரும் வந்து தூக்கிவிடுவார்கள். கூப்பிட வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது, தூக்கிவிட்டால் முடிவு தெரிந்துவிடுமே. படிக்க என்ன இருக்கும்? வாயை மூடிக்கொண்டாள்.

"பொறுத்துக்குங்கண்ணே, அடுத்த வெள்ளிக்கிழமை கண்டிப்பா எழுதுவார். நடுவுல யாராவது முடிவைச் சொல்ல வந்தா காதைப் பொத்திக்குங்க."

"எந்தக் கையாலம்மா?" என்று கேட்டது கரடி.

நீதி: கிணற்றில் விழுந்தவர், படிக்கும் பழக்கம் இல்லாத யாராவது அந்தப் பக்கம் வரும்வரை காத்திருக்கவும்.