நாலாம் நம்பர் போட்டோ

எனக்கு முழுசாகத் தெரிந்த விஷயத்தில் நான் வாயைத் திறக்கமாட்டேன். அரைகுறையாகத் தெரிந்துவிட்டால் என்னைப் பிடிக்க முடியாது. என் தங்கை கவிதாவுக்கு வரன் பார்த்த சமயத்தில் எனக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது வாட்டர்மார்க்.

அப்போது நான் பாப்பாரப்பட்டியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். (கம்ப்யூட்டர் நான்கு, ஓடுவது இரண்டு.) கல்யாணமாகி அம்மா வீட்டுத் தெருவிலேயே குடியிருந்தேன். வாட்ஸப்பில் வரும் பெண்களின் படத்தை எடுத்து எங்கெங்கோ போட்டுவிடுகிறார்கள் என்று யாரோ சொல்லப்போக, எனக்குத் தூக்கம் போயிற்று. படத்துக்குள் மறைவாக ஓர் அடையாளம், அதாவது வாட்டர்மார்க், வைத்து அனுப்பினால், அது யாரிடமிருந்து வெளியே போனது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதில் சொன்ன சாஃப்ட்வேர் எனக்குப் பிடிபடவில்லை. சரி, நாமே செய்வோம் என்று கவிதா மாம்பழக் கலர் பட்டுச்சேலையில் நிற்கும் படத்தை ஏழு பிரதி எடுத்தேன். சேலைக் கரையின் மூலையில், கரை நிறத்திலேயே, ஒன்று முதல் ஏழு வரை பொடி எண் போட்டேன். எண் இல்லாத ஒரிஜினல் யார் கையிலும் சிக்கக்கூடாது என்று அதை அழித்தும்விட்டேன். ஏழு குடும்பத்துக்கு ஏழு எண். எது யாருக்கு என்று நோட்டில் எழுதி பீரோவில் பூட்டினேன். உளவுத்துறைக்குப் போகவேண்டியவள் தவறிப்போய் டீச்சராகிவிட்டதாக எனக்கு நினைப்பு.

நாலாம் எண் மொரப்பூர்க்காரர்களுக்கு. பையன் மாட்டு டாக்டர். அவன் அம்மாவிடம் எங்கள் அம்மாதான் பேசிக்கொண்டிருந்தாள் என்பதால், அந்தப் படத்தை மட்டும் அம்மாவின் ஃபோனிலிருந்து அனுப்பினேன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

வந்து பார்த்தார்கள். கவிதாவுக்குப் பிடித்துவிட்டது. உதைத்த மாட்டைப் பற்றி அவன் ஃபோனில் சொன்னதையெல்லாம் எங்களிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவன் அம்மாவை நாங்கள் அதற்குள் அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தோம். ஆடி கழிந்ததும் நிச்சயம் என்று பேச்சு.

ஆடியில்தான் ஒரு ஜவுளிக்கடை ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டது. தலைக்கு மேல் தள்ளுபடி என்று எழுதியிருக்க, நடுவில் எங்கள் கவிதா. பெரிதாக்கிப் பார்த்தேன். கரை மூலையில் நாலு. எத்தனையோ கை மாறியும் அந்த எண் அழியவில்லை. அழிந்து தொலைத்திருக்கலாம்.

வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக அத்தைக்கு ஃபோன் போட்டேன்.

"எங்க பொண்ணு போட்டோவ யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலயே சாமி. என்னாச்சு?"

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு அனுப்புனதுல நாலுன்னு நம்பர் போட்டிருந்தேன். கடைக்காரன் போட்டதுலயும் அதே நாலுதான் இருக்குது."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"அப்ப ஒண்ணு, ரெண்டு, மூணெல்லாம் வேற வூட்ல இருக்குதுங்களா?" என்றார். குரலை உயர்த்தவேயில்லை. "நாங்க மருமக போட்டோன்னு பிரிண்டு போட்டு டிவி பக்கத்துல வெச்சிருக்கறோம். நீங்க திருடனப் புடிக்கறதுக்கு அடையாளம் வெச்சிக் குடுத்திருக்கீங்க. செரிங்க, வெச்சிடறேன்."

ஜெயித்துவிட்ட மிதப்பில் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"ஏன்டி, அந்தப் போட்டோவ நாந்தான் தையக்காரிக்கு அனுப்புனேன். ஜாக்கெட்டு நல்லா அமைஞ்சிருக்குதாம், ஒரு போட்டோ அனுப்புங்கன்னு கேட்டா."

தையல்காரம்மா பெருமையில் அதை ஸ்டேட்டஸில் வைக்க, ஜாக்கெட் துணி எடுத்த கடை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. ஆக, நாலு எங்கள் வீட்டிலிருந்தே கிளம்பிப் போயிருக்கிறது.

மறுநாள் பூவும் பழமுமாக மொரப்பூர் போனேன். அத்தை காபி கொடுத்தார், முறுக்கு வைத்தார். டிவி பக்கத்தில் படம் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"கோவமெல்லாம் இல்லீங்க. ஆனா இனிமேல் உங்கூட்ல இருந்து எது வந்தாலும், அதுல எங்க நம்பர் இருக்குதோன்னு தேடத் தோணும். அது வேணாங்க."

அவர் நாலு வசவு வைதிருந்தால் நான் பஸ்ஸில் அழுதிருக்கமாட்டேன்.

கவிதாவும் என்னைத் திட்டவில்லை. "அந்த நோட்டு எங்க?" என்று மட்டும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். நாலாவது வரியைப் படித்தாள், திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. இந்தத் தடவை போட்டோவே அனுப்பக்கூடாது, வருகிறவர்கள் நேரில் வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை தங்கமானவர். கதை அவருக்கும் தெரியும். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் போதும், "எனக்கு மட்டும் நம்பரே குடுக்கலீங்களேக்கா" என்று ஆரம்பித்துவிடுவார். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே சிரிப்பாள். கவிதாவும் சிரிப்பாள், நானும் சிரித்துவைப்பேன்.

ஆனால் ஒகேனக்கல் போனாலும் சரி, பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் சரி, நான் ஃபோனைத் தூக்கினால் கவிதா எழுந்து வந்து வாங்கிக்கொள்வாள்.

"நீ நில்லுக்கா. நான் எடுக்கறேன்."

என் ஃபோனில் அவள் பிள்ளைகள் இருக்கிறார்கள், மாப்பிள்ளை இருக்கிறார், எல்லாவற்றிலும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் இருப்பது அந்த மாம்பழக் கலர் சேலைப் படத்தில்தான். அதிலும் எண் போடாத பிரதி ஒன்றுகூட என்னிடம் இல்லை.