பல்லு மாஸ்டரின் ஜோடிகள்

"பல்லு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இந்தப் புள்ளை நின்னு ஆடுமாங்கிறதுதான் சந்தேகம்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஆனால் என்னிடம் அல்லாமல் பக்கத்தில் நின்ற தமிழாசிரியையிடம், இப்படிச் சொன்னவர் எங்கள் டிரில் மாஸ்டர். கோயமுத்தூர் ஜில்லா முழுவதிலும் மனுஷரையும் மாட்டையும் துளி பேதமில்லாமல் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதிலும் மாட்டுக்குக் கொஞ்சம் மரியாதை கூட. பல்லு மாஸ்டர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஆறு வருஷம் ஆகியும் அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

டிரில் வாத்தியார் ஆவதற்கு முன் அவர் கண்ணபுரம் சந்தையில் மாட்டுத் தரகர். எங்கள் பெண்கள் ஹைஸ்கூலில் ஹாக்கி சொல்லிக்கொடுக்க ஓர் அம்மாள் கிடைக்காததால் பையன்கள் பள்ளியிலிருந்து அவரை இரவல் வாங்கினார்கள். ஆள் வந்துவிட்டார், சந்தை அவரை விட்டுப் போகவில்லை. தரகர்கள் துண்டால் கையை மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா? எத்தனை மட்டை வேண்டும் என்று வெள்ளைக்காரத் தலைமையாசிரியை கேட்டபோது, இவர் துண்டு போர்த்திய கையை நீட்டினார். அந்த அம்மாள் தயங்கித் தயங்கி அதற்குள் கைவிட்டார். அவருக்கு அகப்பட்டது ஒரு விரல். வந்து சேர்ந்ததும் ஒரு மட்டை.

அந்த வருஷம்தான் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான ஜில்லா ஹாக்கி டீமைப் பொறுக்கி நடத்தும் மானேஜராகக் கமிட்டி அவரை நியமித்தது. பல பள்ளிகளிலிருந்து வந்த பெண்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார். எட்டடி தள்ளி நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஈன்னு காட்டு கண்ணு" என்பார். மாட்டுக்குப் போலவே எங்களுக்கும் பல்லைப் பார்த்துத்தான் வயது கணிப்பார். பள்ளி ரிஜிஸ்டரை அவர் தொடவே மாட்டார். அதில் நியாயமும் இருந்தது. ரிஜிஸ்டரின்படி எங்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் ஒரே தேதியில் பிறந்தவர்கள்.

பல் தேறினால் அடுத்தது ஜோடி. வண்டிக்கு மாடு சேர்ப்பதுபோல உயரம், நடை, ஓட்டம் பார்த்து இரண்டிரண்டு பேராகச் சேர்ப்பார். ஐந்து ஜோடி போக மிஞ்சும் கோல்கீப்பர் அவர் கணக்கில் ஒற்றை மாட்டு வண்டி. ஜோடியைப் பிரிக்கவே கூடாது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தபோது, அவள் ஜோடியையும் படுக்கப் போகச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க சார்."

"அது உனக்குத் தெரியாது கண்ணு. போய்ப் படு."

என் ஜோடி சரசு, கருமத்தம்பட்டித் தோட்டக்காரர் மகள். நான் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் பண்ணைக் கூலியின் மகள். எங்கள் குடும்பத்தில் எழுத்தைத் தொட்ட முதல் ஆள் நான்தான். டீம் பட்டியலை நோட்டீஸாக அச்சடிப்பார்கள் என்றார்கள். எங்கள் வீட்டில் யார் பெயரும் அச்சில் வந்ததில்லை. அந்த ஒரு வரிக்காக நான் முழங்கால் தேய ஓடினேன்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு கமிட்டி ரிஜிஸ்டர்களைப் புரட்டியது. அதில் எனக்குப் பதினைந்து தாண்டியிருந்தது. என் அப்பாவுக்குத் தேதி தெரியாது. பள்ளியில் சேர்க்கும் நாளில் எங்கள் ஊர் வாத்தியார் தலைக்கு மேலாகக் கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார். எனக்கு நீளக் கை. ஒன்றரை வயதைக் கூட்டி எழுதிவிட்டார். கமிட்டி முன்னால் நின்று இதைச் சொன்னேன்.

கமிட்டியின் ஐந்து பேரில் தங்க பிரேம் கண்ணாடிக்காரர் ஒருவர் சிரித்தார். "உன்ற அப்பனுக்கே தெரியாத வயசு உனக்கு எப்படியம்மா தெரியும்? இந்தச் சனங்க சொல்ற வயசையெல்லாம் நம்ப முடியாதுங்க."

"எழுதுன வாத்தியாருக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?" என்றேன்.

மாஸ்டர் முன்னால் வந்தார். "புள்ளைக்குக் கடவாய்ப் பல்லு இன்னும் முழுசா வரலீங்க. நீங்களே பாத்துக்குங்க. கண்ணு, ஈன்னு காட்டு."

ஐந்து நாற்காலிகளும் முன்னால் சாய்ந்தன. மைதானத்தில் நூறு தடவை சிரித்துக்கொண்டே காட்டிய வாய்தான். அங்கே தாடை பூட்டிக்கொண்டது.

"மாட்டேனுங்க."

"வேண்டாம்னா வேண்டாங் கண்ணு" என்று மாஸ்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சிவப்பு மையால் என் பெயரை அடித்தார்கள். மாஸ்டர் அதோடு விட்டிருக்கலாம். "அப்படியே சரசு பேரையும் அடிச்சுப்போடுங்க" என்றார்.

"அந்தப் பொண்ணுக்கு என்னங்க குறை?"

"ஜோடிங்க."

பதிலுக்கு இருவரைப் போடச் சொன்னதற்கும் மறுத்துவிட்டார். சேலத்துக்காரர்கள் பதினொரு பேரை எதிர்த்து எங்கள் பெண்கள் ஒன்பது பேர் ஆடினார்கள். ஏழு கோல் விழுந்தது. ஒவ்வொரு கோலுக்கும் அவர் பக்கத்தில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, அந்த எடத்துலதானுங்க அந்த ஜோடி நிக்கோணும்" என்று தோற்ற வருத்தமே இல்லாமல் விளக்கினார். அன்று சாயங்காலமே மானேஜர் வேலை போயிற்று.

சரசு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் அவரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"என்னைத் தூக்குனாங்க, சரி. சரசு என்னங்க தப்புப் பண்ணுனா?"

"நீ வாயைத் தொறந்திருந்தா ரெண்டு பேரும் ஆடியிருப்பீங்க."

"நான் மாடு இல்லீங்க சார்."

காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றார். "அது எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது கண்ணு" என்றார்.

பதினைந்து நாள் கழித்து ஹாஸ்டல் வாசலில் உடம்பெல்லாம் செம்மண்ணாக வந்து நின்றார். எங்கள் ஊர் மணியகாரர் வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து, பிறப்புக் கணக்கில் என் வரியைத் தேடி நகல் வாங்கி வந்திருந்தார். "பேரு எழுதல. பொண்ணுன்னு மட்டுந்தான் இருக்குது. தேதி இருக்குதுங்க அம்மணி."

"ஆட்டம் முடிஞ்சு போச்சுங்களே. இதை வெச்சு இனி என்னங்க பண்றது?" என்று வெடித்தேன்.

"அடுத்த வருசம் ஆடு."

ஆடினேன், சரசுவோடு. நோட்டீஸில் என் பெயர் வந்தது. புது மானேஜருக்கு விதிகள் எல்லாம் தெரியும், எங்கள் பெயர்கள் தெரியாது. மாஸ்டர் வேலிக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்தார். அவரை உள்ளே கூப்பிட அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அதற்காக என்மேலேயே எனக்குள்ள கோபம்தான் எதிலும் சேராமல் நிற்கிறது.

இப்போது நான் டிரில் டீச்சர். இந்த வருஷம் ஜூனியர் டீம் பொறுக்கும் வேலை எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறது. படிவத்தில் மானேஜர் என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதி, தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்கி, நேற்றுக் காலை கமிட்டிக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். அவரைச் சம்மதம் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவருக்கு முழங்கால் வலி என்கிறார்கள். மைதானத்து வேப்பமரத்தடியில் கைவைத்த நாற்காலி ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன்.