எங்கள் ஊர் ரோட்டுக்கு முப்பது போதும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை இளம்பரிதி அவர்களுக்கு, மாமனார் வேலாயுதம் எழுதுவது. இங்கே நானும் மாடும் சுகம். உங்கள் மாமியாரின் இடது கை மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் சோபனாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் திருப்பத்தூரில் உங்கள் வீடு சந்துக்குள் இருக்கிறது.

போனிலேயே சொல்லலாம். ரோட்டுப் பேச்சை எடுத்தாலே "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். நெடுஞ்சாலை ஆபீசில் தினமும் அப்படி என்ன மீட்டிங்? அதனால் எழுத்திலேயே கேட்கிறேன். எங்கள் ஊர் ரோட்டில் வேகம் ஐம்பது என்று போர்டு வைத்தீர்களே, எந்த மகராசன் யோசனை அது? அதை முப்பது ஆக்க முடியுமா, முடியாதா? ஆம்பூர் போகும் ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து தோல் ஏற்றும் லாரி வரைக்கும் கண்ணு மண்ணு தெரியாமல் பறக்கிறான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ரோட்டோரமே உட்கார்ந்து பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

மூன்று வாரத்தில் மூன்று பேர் விழுந்தாயிற்று, மூன்றும் நம் வீட்டு வாசலில். முதலில் முட்டை வியாபாரி ஆபித் பாஷா, ஆறு தட்டு முட்டையோடு சறுக்கிக்கொண்டு போய் நம் வேலியில் நின்றார். அப்புறம் மெர்சி டீச்சர், ஸ்கூட்டியோடு. எழுந்ததும் அந்தம்மா என்னைத்தான் முறைத்தார்கள், என்னவோ நான் தள்ளிவிட்ட மாதிரி. போன வியாழக்கிழமை வசந்த் என்று ஒருத்தன், கம்பெனி வேலை முடிந்து வந்தவன், பைக்கோடு சறுக்கி வந்து ரோட்டோரம் நின்ற உங்கள் மாமியாரை இடித்துத் தள்ளினான். கை முறிந்துவிட்டது. சோபனாவிடம் படியில் வழுக்கியதாகச் சொல்லியிருக்கிறோம், அது பொய், நீங்களும் அதையே சொல்லுங்கள். எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று அவன் சட்டையைப் பிடித்தேன். "இருபதுல தான் வந்தேன் பெரியப்பா, கீழ பாருங்க" என்கிறான். கீழே என்ன பார்ப்பது, என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுடா என்றேன். பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா?

பஞ்சாயத்தில் கேட்டால் அது ஹைவேஸ் ரோடு என்று கையை விரிக்கிறார்கள். சரி போ என்று நானே ஒரு வேகத்தடை போட்டேன். இருபத்தெட்டு வருஷம் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் செக்ஷனில் இருந்தவனுக்குத் தோல் துண்டுக்கா பஞ்சம்? நாலு மூட்டை கழிவுத் துண்டை வரிசையாகப் போட்டு மேலே மண் கொட்டினேன். விடிந்து பார்த்தால் ஊர் நாய் மொத்தமும் ஆளுக்கொரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. மிச்சத்தில் கம்பெனி பஸ் ஏறி இறங்க, உள்ளே இருந்த பொம்பளைங்க ஜன்னல் வழியாக என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனார்கள். யாருக்காகப் போட்டேன் நான்?

ஒரு போர்டில் ஒரு நம்பரை மாற்ற இவ்வளவு பேஜாரா மாப்பிள்ளை? உங்கள் மாமியார் ஒரு கையால் சோறு வடிக்கிறாள். தலை பின்ன நான் போகிறேன், எனக்குப் பின்ன வரவில்லை. அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, நான்தான் மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன்.

சோபனாவுக்கு எங்கள் ஆசி. உங்களுக்குச் சீக்கிரம் புரமோஷன் கிடைக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன், போர்டு வந்த பிறகு.

இப்படிக்கு,
கோபம் தீராத மாமனார்,
வேலாயுதம்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "ரோட்ல கொள்ளு பரப்புனது யாருன்னு எழுதுனீங்களா?" என்றாள். கொள்ளுச் செடியை அறுத்து வாசல் ரோட்டில் பரப்பினால் வண்டி ஏறி ஏறித் தானாக உதிர்ந்துவிடும், ஊரில் எல்லோரும் செய்வதுதான். மாடு வாய் வைக்காமல் இருக்கத்தான் நான் காவல் உட்கார்ந்தேன். உதிர்ந்த கொள்ளு டயருக்குக் கீழே உருளும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. வியாழக்கிழமை செடியைப் புரட்டிவிட அவளை அங்கே அனுப்பியதும் நான்தான். வசந்த் இருபதில்தான் வந்திருப்பான். நாளைக்கு அள்ளிவிடுகிறேன் என்றேன், அவள் நம்பவில்லை. ஒற்றைக் கையில் முறத்தை எடுத்துக்கொண்டு நடுரோட்டில் இறங்கிவிட்டாள், கம்பெனி பஸ் வரும் நேரம், நான் ஓடுகிறேன்.