தொரசானியும் உச்சி வெயிலும்

வெயிலைத் திட்டாத மனிதர்கள் உலகத்தில் கிடையாது. ஆனால் அதைச் சொந்தப் பகையாளியாக நினைத்து, தினமும் சண்டைக்குக் கிளம்புவதுபோல் ஆயத்தமாகி வாசலில் இறங்கிய ஒரே பெண்பிள்ளை எங்கள் தொரசானிதான்.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் ஒன்றாகத் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எல்லோருமே ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். நான் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு. தொரசானி ஒரு லாரிக் கம்பெனியில் தொலைபேசி எடுப்பவள். கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில், நம்மைப்போல் கறுத்த நிறமுள்ள, பால்மரம் வெட்டும் தாய் தகப்பனுக்கு, தோல், தலைமுடி, புருவம், இமை எல்லாமே வெளுப்பாகவும் பார்வை மங்கலாகவும் பிறந்தவள். மேனேஜரின் வெள்ளைக்கார மனைவியைத் தோட்டத்தில் எப்படிக் கூப்பிடுவார்களோ, அதையே இவளுக்கும் பெயராக்கிவிட்டார்கள். நிஜத் தொரசானிகூடத் தன் அளவுக்கு வெளுப்பில்லை என்று இவள் பெருமை அடித்துக்கொள்வாள்.

வெளியே போக அவள் தயாராவதை டிக்கெட் போட்டுக் காட்டலாம். மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட ஆம்பிளைச் சட்டை. முகத்திலும் கழுத்திலும், தண்ணீரில் குழைத்து அப்பிய பெடாக் செஜோக் என்கிற அரிசிப் பவுடர். அதற்கு மேல் அகலத் தொப்பி. தொப்பிக்கும் மேலே குடை. இவ்வளவும் போதாதென்று, பஸ் நிற்குமிடத்தில் யாருடைய நிழலிலாவது போய் ஒண்டிக்கொள்வாள். ஒரு நாள் வாட்டசாட்டமான ஓர் ஆள் முன்னால் நின்றார். அவர் ஓரடி நகர்ந்தால் இவளும் ஓரடி நகர்ந்தாள். அவர் பர்ஸைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"என்னாம்மா வேணும் ஒனக்கு?"

"ஒன்னும் வேணாண்ணே. கொஞ்சம் ஆடாம நில்லுங்கலா. ஒங்க நெழலு நல்லா அகலமா இருக்கு."

அந்த மனிதர் பஸ் வரும்வரை மூச்சுக்கூட அளந்துதான் விட்டார்.

சிலிம் ரிவரிலிருந்து மல்லிகா என்ற பத்தொன்பது வயதுப் பெண் புதிதாக வந்து சேர்ந்தபோதுதான் கூத்து ஆரம்பித்தது. அவளுக்கு எப்படியாவது வெளுக்க வேண்டும்.

"அக்கா, நீங்க பொறந்ததே இப்படின்னு தெரியும்லா. ஆனா இம்புட்டுப் பளபளன்னு வெச்சிருக்கீங்களே, அது எப்படி?"

தொரசானி முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "வெயில்ல மொகத்தக் காட்டாத. முழுக்கைச் சட்டை போடு. பெடாக்க நல்லா அப்பு. மூனு மாசம் செஞ்சிட்டு வந்து பேசு."

மல்லிகா ஏமாந்துவிட்டாள் என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் பெடாக் செஜோக் டப்பா காலி. மல்லிகாவுக்கே கிடைக்கவில்லை. அந்த வாரமே வீட்டில் ஆளுக்கொரு குடை வந்துவிட்டது. வெள்ளை முகமும் முழுக்கைச் சட்டையுமாக நாங்கள் வரிசையாக ரோட்டில் இறங்கினால் பக்கத்து வீட்டு அண்ணன் பதறிப்போய்க் கேட்பார்: "என்னா பிள்ளைங்களா, எங்கயாச்சும் காரியமா?"

மூன்று மாதம் போயிற்று. ஒருத்தியும் வெளுக்கவில்லை. மல்லிகா மட்டும் விடவில்லை. ஜன்னலோரம் தொரசானியை உட்கார வைத்து, தன் கன்னத்தை அவள் கன்னத்தோடு ஒட்டிக் கண்ணாடியில் பார்ப்பாள். அப்படிப் பார்த்த ஒரு நாள் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா, காது மேல இந்தப் புண்ணு போன மாசமும் இருந்துச்சேக்கா."

"கொசு கடிச்சது."

"ஒரே எடத்துலயா கடிக்கும்? காஞ்சி காஞ்சி ரத்தம் வருது. தலகாணியெல்லாம் கறையா இருக்கு."

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாங்கள் சொன்னதும், தொலைபேசியில் கண்டனீஸ் சீனத்தில் லாரி டிரைவர்களை அலறவைக்கும் அந்த வாய் மூடிக்கொண்டது. மறுநாளிலிருந்து காதிலும் பவுடரை இரண்டு மடங்கு அப்பினாள். நான் தனியாகப் பிடித்து நெருக்கிய பிறகுதான் சொன்னாள். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தானாம். அவனும் இவளைப்போலவே. வெறும் தலையோடு வெயிலில் புல் வெட்டப் போனவன். கழுத்தில் இதேமாதிரி ஒரு புண். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரசர் ஊதா மருந்தைத் தடவித் தடவியே அனுப்பியிருக்கிறார். முப்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டான்.

"அதேன்னு சொல்லிட்டாங்கன்னா? தெரியாமலே இருந்துட்டுப் போறேன்டீ," என்றாள்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கெஞ்சினோம், திட்டினோம், சாப்பிடாமல் படுத்தோம். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் மல்லிகாதான் வழி கண்டுபிடித்தாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரைக் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், குடையில்லாமல், தொப்பியில்லாமல், பவுடரைக் கழுவிவிட்டு, கையில்லாத சட்டைகளோடு எல்லோரும் வாசலில் போய் வரிசையாக நின்றோம். தார் ரோடு கொதித்தது.

தொரசானி கதவுக்குள் நின்று அலறினாள். "பைத்தியமாடீ ஒங்களுக்கு? உள்ள வாங்கடீ! தோலு வெந்து போயிடும்!"

"நீங்க ஆஸ்பத்திரிக்கு வாரேன்னு சொல்லுங்க, வர்றோம்," என்றாள் மல்லிகா.

குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மல்லிகாவுக்குப் பிடித்தால் நான் வெயிலில். எனக்குப் பிடித்தால் மற்றவர்கள் வெயிலில். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குடையோடு ஓடினாள். அவசரத்தில் தன் தொப்பியை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அதைக் கவனித்ததும் நாங்கள் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டு, எங்கள் நிழல் அவள்மேல் விழும்படி நெருங்கி நின்றோம். நடுவில் நின்று விம்மி விம்மி அழுதாள்.

"சரி, வாரேன். டெக்சியக் கூப்புடுங்கடீ சனியன்களா."

அது தோல் புற்றுதான். ஆனால் ஆழமாகப் போகவில்லை. இப்போதே வெட்டி எடுத்துவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். கூட நின்ற எங்களையும் விடவில்லை. "பவுடர நம்பாதீங்க. தொப்பி, சட்ட, நெழலு, இதான் முக்கியம். கறுப்பா இருக்கோம், நமக்கு வராதுன்னும் இருந்துடாதீங்க. ஆறாத புண்ணு, புதுசா மாறுற மச்சம், உள்ளங்கால்ல வந்தாலும் ஒடனே காட்டணும்," என்றார். நாங்கள் அங்கேயே செருப்பைக் கழற்றி ஆளுக்காள் காலைப் பார்த்துக்கொண்டோம்.

மறுநாளே, காது மரத்துப்போக ஊசி போட்டுத்தான் வெட்டினார்கள். வாய் மரத்துப்போக ஒன்றும் போடவில்லை போலிருக்கிறது. உள்ளேயிருந்து பேச்சு ஓயவே இல்லை. நடுவில் நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்து, "இவங்க குடும்பத்து ஆளு யாரு?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றோம்.

பின்னாளில் அவள் கல்யாணமாகித் தெலுக் இந்தான் போனாள். காதின் மேல் நுனி இல்லாமலேயே நன்றாக வாழ்ந்தாள். ஆனால் என் மனதில் நிற்பது காதை வெட்டிய அன்றைய சாயங்காலம்தான். தலையில் பெரிய கட்டோடு படுத்திருந்தாள். எங்கள் சிவந்து காந்திய முகங்களை ஒவ்வொன்றாகத் தன் மங்கல் கண்ணுக்கு அருகே இழுத்துப் பார்த்து, ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக வைதாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க அண்ணனுக்காக வெயில்ல நிக்க ஒருத்தருமே இல்லடீ," என்றாள்.

அவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.