பரமலிங்கத்தாரின் "பு"

புதிதாக மொழி செய்கிறவர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. இருக்கிற மொழியில் சொன்னதை வீட்டார் கேட்காதபோது, குற்றம் அந்த மொழியின் இலக்கணத்தில்தான் என்று முடிவுகட்டுகிற இனம். நீர்வேலியில், வாழைத்தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் பரமலிங்கத்தார் அப்படித்தான் முடிவுகட்டினார்.

அவருடைய மொழிக்குப் பெயர் நெவா. கட்டளைக்கு வினைச்சொல் மட்டும் போதும். "சூமா" என்றால் வெட்டு, "தலோ" என்றால் சாப்பிடு. கேள்விக்குச் சொல்லே கிடையாது. புருவத்தை உயர்த்தினால் அது கேள்வி.

"அப்ப ரெலிபோனிலை என்னெண்டு கேள்வி கேக்கிறது?" என்றார் மனைவி இராசமலர்.

"ரெலிபோனிலை கேள்வி கேக்கிறது மரியாதையில்லை."

ஆனால் அவருடைய பெருமையெல்லாம் மறுப்பில்தான். கூடாது, வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் கேட்பவர் மனம் புண்படாதா? ஆகையால் நெவாவில் முதலில் வினையைச் சொல்லி, ஒரு மூச்சை நிதானமாக இழுத்து விட்டு, அதன்பிறகே "பு" என்று சேர்க்க வேண்டும். "சூமா... பு" என்றால் வெட்டாதே.

இந்த நாகரிகத்தைக் கற்றுக்கொண்டவர் ஊரிலேயே ஒருவர்தான்: இராசமலரின் தம்பி குகதாசன். விசா வரும்வரை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் எதைத்தான் கற்கமாட்டார்?

பிள்ளையார் கோவில் திருவிழாவுக்கென்று இராசமலர் நேர்ந்து, உரப்பையால் மூடி, பிள்ளையைப்போல் பார்த்துவந்த கதலிக்குலை ஒன்று தோட்டத்தில் முற்றிக்கொண்டிருந்தது. சந்தைக்குக் குலை வெட்டப் போன குகதாசன் ஒருநாள் காலை நேரே அதனடியில் போய் நின்று, கத்தியை ஓங்கி, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அது எந்தக் குலை என்று பரமலிங்கத்தாருக்குத் தெரியும். "வெட்டாதை" என்ற நல்ல தமிழ் தொண்டைவரை வந்தது. விட்டாரா? தமது ஒரே மாணவன் முறைப்படி கேட்ட முதற் கேள்விக்குத் தமிழிலா பதில் சொல்வது?

"சூமா," என்றார். மூச்சை இழுத்தார்.

குலை விழுந்தது.

"பு," என்றார்.

சத்தம் கேட்டு இராசமலர் ஓடிவந்தார். "ஆரடா உதை வெட்டச் சொன்னது?"

"அத்தான்தான், அக்கா."

"நான் வெட்டாதை எண்டெல்லோ சொன்னனான்."

"ஓம் அத்தான். வெட்டினாப் பிறகு சொன்னனீங்கள்."

இராசமலர் குலையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மத்தியானம் சோற்றுக் கோப்பையைக் கணவர் முன்னால் வைத்து, "தலோ" என்றார். மனைவியின் வாயில் நெவா. பரமலிங்கத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. சோற்றை நோக்கிக் கையை நீட்டினார். இராசமலர் நிதானமாக ஒரு மூச்சு விட்டார்.

"பு," என்று சொல்லிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரமே இலக்கணம் திருத்தப்பட்டது. மறுப்பு இனி முன்னால் வரும். கோவிலுக்கு வேறு குலை வாங்கிக் கொடுத்தார்கள். முற்றாத கதலியோ கறியாகவும் வறையாகவும் பொரியலாகவும் நாள்தோறும் அவர் முன்னால் வந்துகொண்டே இருந்தது. "போதும்" என்பதற்கு நெவாவில் ஒரு சொல் செய்ய அவர் மறந்துபோயிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கலியாணத்துக்கு வரச்சொன்னவரிடம் "பாப்பம்" என்றீர்களே, அதற்கு எந்த அகராதியில் "வரமாட்டேன்" என்று பொருள்? கதிரையை விட்டு அசையாமல் "தேத்தண்ணி கிடக்கோ?" என்றீர்களே, அது கேள்வியா, கட்டளையா? பரமலிங்கத்தாராவது தம் மொழிக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். உங்கள் வீட்டார் பாவம், உங்கள் மொழியை அதுவும் இல்லாமல் படிக்கிறார்கள்.