எஞ்சின் இல்லாத எஞ்சின் போட்டோ

திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரன். அதை நடத்துவதில்தான் கொஞ்சம் தகராறு. இதை நானே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மகள் ஸ்டெல்லா உங்களிடம் இன்னும் மோசமாகச் சொல்லிவிடுவாள்.

பிள்ளைகளே, அப்போது நான் சேலத்துக்கு மேலே மலையில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. காலையில் வேலையாட்களின் பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் குறிக்கிறவர். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் டீசல் எஞ்சின் என்று வந்தால் நான் பெரிய மேதாவி (என்று எனக்கு நினைப்பு).

எங்கள் மலைக்கு ரயில் கிடையாது. மலை விளிம்பில் போய் நின்றால், கீழே சேலம் பக்கம் ரயில் ஒரு மரவட்டை மாதிரி ஊர்வது தெரியும். காற்று நம் பக்கம் அடித்தால் ஹாரனும் கேட்கும். "ஹாரனைக் கேட்டே இன்ன எஞ்சின்னு சொல்லிடுவேன்" என்று எல்லோரிடமும் பெருமையடிப்பேன். யார் கீழே இறங்கிப் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்! உண்மையில் ஒரு டீசல் எஞ்சினைக்கூட நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், ஜீப் ஓட்டும் மாரிமுத்து ஒரு செய்தி கொண்டுவந்தான்.

"ஏனுங்க ரைட்டரே, விருத்தாசலம் பாசஞ்சரை இழுக்குதே ஒரு பழைய டீசல் எஞ்சினு, அதை வேற ஊருக்குக் கொண்டு போறாங்களாமுங்க. வர்ற ஞாயித்துக்கிழமைதான் கடைசியாமா."

எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய லைனில் கரண்டு எஞ்சின்கள் வந்துகொண்டிருந்தன. மிச்சமிருந்த பழையது அது. ஞாயிறு விட்டால் போச்சு.

குடும்பத்தோடு சேலம் போய் அதைப் பார்த்துப் போட்டோ எடுக்க, உடனே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் திட்டம் எழுத உட்கார்ந்தேன். மொத்தம் பதினான்கு அம்சங்கள். எந்த பஸ், யாருக்கு ஜன்னலோரம், புளிசோற்றுப் பொட்டலம் எத்தனை, பிளாட்பாரத்தில் எஞ்சின் எந்தக் கோடியில் நிற்கும் என்பதற்கு ஒரு படம், யார் முன்னால் நடப்பது, என் மகன் பீட்டர் வாந்தி எடுத்தால் யார் பொறுப்பு (என் மனைவி லில்லி) என்று எல்லாம் அதில் இருந்தது. வாத்தியார் ஒருவரிடம் கெஞ்சி கேமராவும் இரவல் வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை சாப்பாடு ஆனதும் குடும்பத்தை உட்காரவைத்துத் திட்டத்தைச் சத்தமாக வாசித்தேன். நான்காவது அம்சத்தில் பீட்டர் தூங்கிவிட்டான். ஆறாவதில் ஸ்டெல்லா. ஒன்பதாவதில் லில்லி "உம்" கொட்டுவதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. கடைசிவரை வாசித்தேன்.

நாசமாய்ப் போன பதினோராவது அம்சத்தை இங்கேதான் சொல்ல வேண்டும்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் ஓடவிடுவோம். உண்மையில் ஆறரை என்றால் அது ஏழு காட்டும். ஆட்கள் நேரத்துக்கு வந்து நிற்பதற்காக எந்தக் காலத்திலோ எவரோ செய்த தந்திரம். நாளாவட்டத்தில் அது எல்லோருக்கும் தெரிந்துபோய், எல்லோரும் அரை மணியைக் கழித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. என் கைக்கடிகாரமும் அதே எஸ்டேட் மணிதான். எங்கள் வீட்டில் வேறு கடிகாரம் இல்லை. பஸ்ஸோ, சர்ச்சுப் பூசையோ, கல்யாணமோ, வெளிக்காரியம் என்றால் அரை மணியைக் கழித்துப் பார்ப்பது ஆறு வயது பீட்டருக்கும் அத்துப்படி. (கணக்கில் அவனுக்கு வந்த ஒரே கழித்தல் அதுதான்.)

பதினோராவது அம்சம்: பயணத்துக்காக என் கடிகாரம் ரேடியோ மணிக்குச் சரியாகத் திருத்தி வைக்கப்படும்.

வைத்தேன். ஆனால் அதை வாசித்தபோது கேட்க யாரும் விழித்திருக்கவில்லை.

காலையில் ஆறரைக்கு பஸ். ஆறேகாலுக்கு நான் வாசலில் நின்று கத்தினேன். "மணி ஆறேகாலு! கிளம்புங்க!"

லில்லி நிதானமாக ஸ்டெல்லாவுக்கு இரண்டாவது ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். "உங்க கடிகாரத்துல ஆறேகாலுன்னா ஆறுக்கே இன்னும் கால் மணி கெடக்குது. பூசையை உட்டுட்டு எஞ்சினைப் பாக்கப் போறோம், தலையாவது ஒழுங்கா வாரிட்டுப் போலாமுங்க."

"ஐயோ, இது சரியான மணி!"

"எல்லாக் கல்யாணத்துக்கும் இப்படித்தானுங்க சொல்றீங்க."

(சொல்வேன். அவசரப்படுத்துவதற்காகச் சும்மா சொல்வேன். அது இப்படித் திரும்பி வரும் என்று யார் கண்டது?)

நாங்கள் ரோட்டுக்கு ஓடியபோது பஸ்ஸின் முதுகு மட்டும் வளைவில் திரும்புவது தெரிந்தது. அடுத்த பஸ்ஸில் போனால் ரயில் கிடைக்காது. நான் தலையில் கை வைத்து ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள்.

முக்கால் மணி கழித்து மாரிமுத்துவின் ஜீப் வந்தது. உள்ளே முழுக்கப் பலாப்பழம்.

"ஏனுங்க ரைட்டரே, ஊட்டுல கடிகாரம் ஓடலீங்களா? ஏறுங்க, குப்பனூர் வழியா சேலத்துல எறக்கி உட்டுடறேன். புள்ளைங்களைப் பழத்து மேல உக்கார வையுங்க. பழம் ஒண்ணும் கோவிச்சுக்காது."

பழத்தின் முள் குத்தக் குத்த, குப்பனூர் வரை நான் வாய் மூடவில்லை. இன்று கடிகாரம் சரியானது, கழிக்கக் கூடாது, கழித்ததால்தான் இந்தக் கதி என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். மடியில் ஒரு பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்திருந்த லில்லி கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சரிங்க சாமி! இன்னைக்கு உங்க கடிகாரம் சரி. நாங்க கழிக்க மாட்டோம். போதுமுங்களா?"

"கழிக்க மாட்டேன்" என்று பீட்டரும் சத்தியம் செய்தான்.

சேலம் ஸ்டேஷனுக்குள் நுழைந்தோம். ரயில் நின்றுகொண்டிருந்தது! தூரத்துக் கோடியில் எஞ்சினின் புகை தெரிந்தது. கேமராவைத் திறந்தேன். உள்ளே பிலிம் இல்லை. பதினான்கு அம்சத்தில் பிலிம் என்ற சொல்லே இல்லை.

ரயில் ஒன்பது இருபதுக்கு. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், மனசு தானாகவே அரை மணியைக் கழித்தது. எட்டரை! "நேரம் நிறையக் கெடக்குது. நீங்க போய் எஞ்சின்கிட்ட நில்லுங்க, நான் பிலிம் வாங்கிட்டு வர்றேன்" என்றேன்.

லில்லி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காலையிலிருந்து வாங்கிய திட்டு ஞாபகம் வந்திருக்கும். மூடிக்கொண்டாள்.

நான் கடைத்தெருவுக்கு நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன். வழியில் ஒரு காபி குடித்தேன். அதில் சிக்கரி அதிகம் என்று கடைக்காரருக்குக் கொஞ்சம் பாடம் எடுத்தேன். பிறகு பிலிம் கடை. அவர் பிலிமைக் கேமராவில் மாட்டித் தந்துகொண்டிருந்தபோது ஸ்டேஷன் பக்கமிருந்து நீளமாக ஒரு ஹாரன் கேட்டது. எனக்குப் புல்லரித்தது.

"கேட்டீங்களா? அதான் பழைய டீசல். சத்தத்துலயே சொல்லிடுவேன். அனுபவப்பட்ட டிரைவர் கை. சாதாரண ஆளு இப்படி அமுத்த முடியாது."

"வண்டி கெளம்பிருச்சாட்ட இருக்குதுங்களே" என்றார் கடைக்காரர்.

"சே, சே. ஒன்பது இருபதுக்குத்தானுங்க வண்டி."

அவர் தலைக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஒம்போது இருவதுதானுங்க."

என் கையைப் பார்த்தேன். ஒன்பது இருபது. சரியாக, அட்சரம் பிசகாமல்.

ஓடினேன். ஒரு செருப்பு ரோட்டிலேயே நின்றுவிட்டது. பிளாட்பாரத்துக்கு வந்தபோது கடைசிப் பெட்டியின் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரே நாளில் இரண்டு முதுகு.

பிளாட்பாரக் கோடியிலிருந்து ஸ்டெல்லா துள்ளிக்கொண்டு வந்தாள். கவுனில் எண்ணெய்க்கறை, முகத்தில் கரி. "அப்பா! டிரைவர் மாமா எங்களை மேல ஏத்தி உட்டாருங்கப்பா! எல்லாத்தையும் காட்டுனாரு! எறங்கறப்ப, 'கண்ணு, இன்னைக்கு இதுக்கு இங்க கடைசி நாளு, நீயே அமுத்து'ன்னாரு. நாந்தான் ஹாரன் அடிச்சேன்! கேட்டுதாப்பா?"

கேட்டது கண்ணு. நன்றாகக் கேட்டது.

வாங்கிய பிலிமை வீணாக்கக் கூடாதே என்று மூவரையும் காலித் தண்டவாளத்தின் முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தேன். மூவரும் வாய்கொள்ளாமல் சிரித்தார்கள். லில்லி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். இன்றும் இருக்கிறது. போன மாதம் ஸ்டெல்லாவின் மகன் அதைப் பார்த்து, "இதுல எஞ்சின் எங்கம்மா?" என்று கேட்டான்.

"அது கெளம்பிப் போயிருச்சு கண்ணு. தாத்தா அரை மணியைக் கழிச்சிட்டாரு."

இப்போதும் நான் எந்தப் பயணத்துக்கு நேரம் சொன்னாலும், வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "கழிச்சதுங்களா, கழிக்காததுங்களா?" என்று கேட்கிறார்கள். மாரிமுத்துகூட. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால், யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்கிறேன், அன்று என் கடிகாரம் சரியாகத்தான் இருந்தது.